10006 யார்?

எங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் ஒரே பெயர் கொண்டவர்கள் மூவர் இருக்கிறோம். தலைப்பெழுத்துத்தான் எங்களை வேறுபடுத்த வேண்டும். அதிலும் இருவருக்குத் தலைப்பெழுத்தும் ஒன்றே! பேராசிரியர் பெயர் சொல்லி அழைத்தால் மூன்று குரல்கள் ஒருசேர "உள்ளேன் ஐயா" என்று எழும். ஆதலால் அவர் பெயரைக் கைவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டார். எண்ணைச் சொன்னால் ஒரே குரல்தான் வருகிறது. ஆனால் அதே எண்ணைப் பக்கத்து வகுப்பில் போய்ச் சொன்னால் அங்கே வேறொருவர் எழுந்து நிற்பார்.

கணிப்பொறிகளுக்குள்ளும் இப்படி ஒரு குழப்பம் நேரும் என்பதையும், அதனால் ஒருவரின் பிழைப்பே ஆட்டம் காணக்கூடும் என்பதையும் சென்ற கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போன இடத்தில் கண்ணாரக் கண்டேன். அதைச் சொல்வதற்கு முன் சற்றுப் பின்னணி சொல்லியாக வேண்டும். கணிப்பொறித் துறை சாராத நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் கணிதம் இல்லை. ஒரேயொரு கூட்டல் வருகிறது. அதுவும் இரண்டாம் வகுப்புக் கூட்டல்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கைவண்ணத்தில் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு உருவாகத் தொடங்கியது. இன்றைய லினக்ஸ் அதன் வழியில் வந்ததே. யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உரிமை பெற்ற ஒரு குழுவும் உண்டு. உரிமையாளர் என்ன செய்யலாம், குழுவினர் என்ன செய்யலாம், மற்றவர் என்ன செய்யலாம் என்று மூன்று நிலைகளில் அனுமதி வகுக்கப்பட்டிருக்கும். கோப்பில் உரிமையாளரின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எங்கும் இராது! வட்டில் எழுதப்படுவது ஓர் எண் மட்டுமே. நாம் கோப்புகளின் பட்டியலைக் கேட்கும்போது கணிப்பொறி அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய், தன்னிடமுள்ள பதிவேட்டில் அதற்கு நேரே என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து நமக்குச் சொல்லுகிறது. பதிவேட்டில் அந்த எண் இல்லையெனில் வெறும் எண்ணையே காட்டிவிட்டு நிற்கும்.

தொடக்கத்தில் இந்த எண்ணுக்கு இடம் மிகக் குறைவு. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பில்கூட 256 எண்களுக்கு மேல் இடமில்லை. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் அது 65,536 ஆயிற்று. லினக்ஸில் 2001-இல் வந்த 2.4 பதிப்பு முதல் சுமார் 429 கோடி. இவற்றுள் 0 என்னும் எண் சர்வ வல்லமை படைத்த நிருவாகிக்கு உரியது. பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளில் 65534 என்னும் எண்ணுக்கு 'நோபடி', அதாவது 'எவருமில்லை' என்று பெயர். நம்பத்தகாதவர் எவரேனும் வந்தால் அவருக்கு இந்த எண்ணை அணிவித்து ஓரமாக உட்கார வைப்பார்கள். ஒற்றைக்கண் அரக்கனிடம் தன் பெயர் 'எவருமில்லை' என்று சொல்லித் தப்பிய ஒடிசியசின் கதை ஆங்கிலத் துறை நண்பர்களுக்கு நினைவு வரலாம்.

ஒரு கணிப்பொறி மட்டும் இருந்த காலத்தில் இதனால் தொல்லை இல்லை. சன் நிறுவனம் 1984-இல் என்.எஃப்.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்து, ஒரு கணிப்பொறியின் வட்டை மற்றொரு கணிப்பொறி வலைவழியே பயன்படுத்தலாம் என்று ஆக்கியது. அதன் பழைய வழக்கப்படி வாடிக்கைக் கணிப்பொறி "நான் 501" என்று சொன்னால் சர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். வந்தவர் எந்தப் பதிவேட்டின் 501 என்று கேட்காது. எனவே எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று அந்நிறுவனமே ஒரு பொதுப் பதிவேட்டு முறையையும் உண்டாக்கி 'யெல்லோ பேஜஸ்' என்று பெயரிட்டது. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடியதால் அதை என்.ஐ.எஸ். என்று மாற்றும்படி ஆயிற்று. பெயர் உரிமையைக் காக்கப் பிறந்த பதிவேட்டுக்கே பெயர் உரிமையில் வழக்கு!

நிற்க. விண்டோஸ் இதே பணியை வேறுவிதமாகச் செய்கிறது. அங்கே ஒருவருக்குத் தரப்படும் அடையாளம் நீண்ட கோவை. 'எஸ்-1-5-21' என்று தொடங்கும். அதன்பின் மூன்று பெரிய எண்கள் அந்த நிறுவனத்தின் பதிவேடு எது என்று காட்டும். கடைசியில் வரும் சிறிய எண்தான் ஆளைக் குறிக்கும். கடைசி எண் 500 என்றால் தலைமை நிருவாகி. 513 என்றால் அனைத்துப் பயனர்களும் அடங்கிய குழு. நம் ஊர் வழக்கத்தில் சொன்னால், விண்டோஸ் அடையாளம் தலைப்பெழுத்தோடு வருகிறது. யூனிக்ஸ் எண்ணோ தலைப்பெழுத்து இல்லாமல் வெறுமனே வந்து நிற்கிறது. என் கருத்தில் இந்தக் கட்டுரையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இவ்விரு உலகங்களுக்கும் பாலம் போட்டவர் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1991-ஆம் ஆண்டின் இறுதியில், தம் சொந்தத் தேவைக்காக அவர் எழுதத் தொடங்கிய நிரல்தான் பின்னாளில் 'சாம்பா' ஆயிற்று. தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் நெல்லை நினைக்க வேண்டாம்! விண்டோஸ் பேசும் எஸ்.எம்.பி. என்னும் மொழியின் மூன்று எழுத்துகளும் வரிசை மாறாமல் வருகிற சொல்லைக் கணிப்பொறியில் இருந்த சொற்பட்டியலில் தேடி எடுத்த பெயர் அது. ஒரு மாணவர் எழுதியதை இன்று உலகெங்கும் அலுவலகங்கள் பயன்படுத்துகின்றன என்பதை மாணவர் மலரில் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. சாம்பா இருந்தால் மேசையில் விண்டோஸ், சர்வரில் லினக்ஸ் என்று இரண்டையும் இணைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸ் அனுப்பும் நீண்ட கோவையை லினக்ஸின் சிறு எண்ணாக யாராவது மொழிபெயர்த்தாக வேண்டுமே? சாம்பாவுடன் வரும் 'வின்பைண்ட்' என்ற துணைநிரல் அந்த வேலையைச் செய்கிறது. ஆளுக்கு ஓர் எண். குழுவுக்கு ஓர் எண்.

நான் பயிற்சிக்குப் போனது ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள அலுவலகம். பெயர் வேண்டாம். அங்கே முதலில் ஒரு சர்வர் இருந்தது. வேலைப்பளு கூடியதும் இரண்டாவதாக ஒன்றை வாங்கி, இரண்டையும் ஒரே வட்டுத்தொகுதியுடன் இணைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயரும் வைத்துவிட்டார்கள். இதைக் கிளஸ்டர் என்பார்கள். கொத்து என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் தம் மேசையிலிருந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இரண்டில் ஏதோ ஒன்று பதில் சொல்லும். எது பதில் சொன்னது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஒன்று படுத்துவிட்டால் மற்றொன்று வேலையைத் தாங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொழிபெயர்ப்புப் பதிவேடு மட்டும் ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியே இருந்தது. அதை நிறுவித் தந்து போனவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பதிவேடு எண் கொடுக்கும் முறை மிக எளியது. முதலில் வருபவருக்கு 10000. அடுத்து வருபவருக்கு 10001. ரேஷன் கடை வரிசை போல வந்த வரிசைப்படி எண். முதல் சர்வர் தொடங்கிய காலத்தில் கணக்குப் பிரிவினர் முந்தி வந்தார்கள். அவர்களுள் ஏழாவதாக வந்த ஓர் அக்காவுக்கு 10006 கிடைத்தது. இரண்டாம் சர்வர் தொடங்கியபோது வரிசை மாறிவிட்டது. அங்கே ஏழாவதாக வந்தவர் பண்டகப் பிரிவு ஊழியர் ஒருவர். அவருக்கும் 10006!

ஒரு நாள் காலையில் டீசல் கணக்குத் தாளில் இருந்த தொகைகள் முந்தைய நாள் அச்சிட்ட படியோடு ஒத்துப்போகவில்லை. அதிகாரி தம் கணிப்பொறியில் அந்தக் கோப்பின் உரிமையாளர் யாரென்று பார்த்தார். இத்தகைய கோப்புகளைத் திருத்திச் சேமிக்கும்போது நிரல் பெரும்பாலும் புதிய கோப்பொன்றை எழுதிப் பழையதன் பெயரை அதற்குச் சூட்டிவிடும். ஆகவே கடைசியாகத் திருத்தியவரே உரிமையாளராகத் தெரிவார். அங்கே தெரிந்தது அந்த அக்காவின் பெயர். அன்று மாலை நான்கு மணிக்கே அனுமதி பெற்று வீட்டுக்குப் போய்விட்டதாக அவர் சொன்னார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா?" என்று கேட்டார் அதிகாரி. மூன்று நாளில் விளக்கக் கடிதம் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவர் தொகுப்பூதியத்தில் இருப்பவர். அந்த மாதக் கடைசியில் பணி நீட்டிப்புக் கோப்பு மேசைக்கு வர வேண்டியிருந்தது. கணவர் இல்லை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். அன்று மதியம் அவர் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

கணிப்பொறிப் பொறுப்பாளராக இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். என்னை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, "தம்பி, இந்த ஃபைல் யாரோடதுன்னு முதல் சர்வர்ல கேளு" என்றார். கேட்டேன். அக்காவின் பெயர் வந்தது. "இப்ப ரெண்டாவதுல கேளு." கேட்டேன். பண்டகப் பிரிவு ஊழியரின் பெயர் வந்தது. ஒரே வட்டு, ஒரே கோப்பு, ஒரே நிமிடம். உரிமையாளர்கள் மட்டும் இருவர்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இப்ப பேரா மாத்தாம நம்பரா மட்டும் காட்டச் சொல்லு" என்றார். இரண்டு சர்வர்களும் ஒரே விடை தந்தன: 10006.

அதன்பின் இரண்டாம் சர்வரின் நாட்குறிப்பை எடுத்தார். சர்வர்கள் யார் எப்போது வந்தார், எதைத் தொட்டார் என்று எழுதி வைக்கும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தது நல்லதாயிற்று. அன்று மாலை ஆறு மணிக்கு மேல் பண்டகப் பிரிவிலிருந்து அந்தத் தாள் திருத்தப்பட்டிருந்தது. அந்த ஊழியரைக் கேட்டபோது அவர் சிறிதும் தயங்கவில்லை. தாமதமாக வந்த இரண்டு ரசீதுகளைச் சேர்த்ததாகச் சொல்லி, ரசீதுகளையும் காட்டினார். ஆக, அதில் களவும் இல்லை, கள்ளக்கணக்கும் இல்லை. விளக்கக் கடிதம் கேட்ட உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதிகாரி "அப்படியா, சரி" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்பதை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை.

அக்காவுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அப்படின்னா தம்பி, என்னோட ஃபைலெல்லாம் அந்தப் பக்கம் யார் பேர்ல இருக்கு?"

பயிற்சிக் காலம் முழுவதிலும் நான் கேட்ட கேள்விகளுள் இதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன். அக்கா முதல் சர்வர் வழியாக எழுதிய கோப்புகள் எல்லாம் இரண்டாம் சர்வரின் கண்ணுக்குப் பண்டகப் பிரிவு ஊழியரின் கோப்புகள்! அவர் விரும்பினால் திறக்கலாம், அழிக்கலாம். எந்தத் தடையும் எழாது. அக்காவோ இரண்டாம் சர்வர் வழியாக வரும் நாள்களில் தம் கோப்பைத் தாமே திறக்க முடியாமல் "அனுமதி இல்லை" என்ற அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் திறந்தது மாலையில் திறக்கவில்லை என்று பல மாதங்களாகவே பலரும் முறையிட்டு வந்ததன் காரணமும் இதுதான். குழு எண்களைப் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசம். 10003 என்பது முதல் சர்வரில் கணக்குப் பிரிவு. இரண்டாவதில் ஓட்டுநர்கள் குழு. அலுவலகத்தின் சம்பளப் பட்டியல் ஓட்டுநர்களுக்குத் திறந்தே கிடந்திருக்கிறது. அவர்கள் பார்க்கவில்லை என்பது அவர்களுக்கு நேரமில்லாததால் இருக்கலாம்.

இதைச் சீர்செய்ய மூன்று வழிகள் உண்டு என்று பொறுப்பாளர் விளக்கினார். கொத்தில் உள்ள எல்லாச் சர்வர்களும் ஒரே பதிவேட்டை வைத்துக்கொள்வது ஒரு வழி. அதற்கென்று சி.டி.டி.பி. என்ற ஏற்பாடு சாம்பாவுடன் உண்டு. ஒரு சர்வர் புதிதாக ஒருவருக்கு எண் கொடுத்தால் அந்தப் பதிவு எல்லாச் சர்வர்களிலும் எழுதப்படும்; எழுத முடியாவிட்டால் எங்குமே எழுதப்படாது. இரண்டாம் வழி, விண்டோஸின் தலைமைப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியிலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அவருடைய லினக்ஸ் எண்ணைக் கையால் எழுதி வைப்பது. எழுதி வைக்க ஆள் வேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு மறவாமல் எழுதவும் வேண்டும்.

மூன்றாவது வழி பதிவேடே இல்லாமல் கணக்கிட்டுக்கொள்வது. முன்பு சொன்ன கூட்டல் இதோ வந்துவிட்டது. விண்டோஸ் கோவையின் கடைசி எண்ணை எடுத்து, ஒரு தொடக்க எண்ணோடு கூட்ட வேண்டும். கடைசி எண் 1106, தொடக்க எண் 100000 என்றால் அவருடைய லினக்ஸ் எண் 101106. எந்தச் சர்வர் கூட்டினாலும், எத்தனை ஆண்டு கழித்துக் கூட்டினாலும், பழைய சர்வரே எரிந்து போய்ப் புதிதாக ஒன்று வந்து கூட்டினாலும் விடை அதேதான். யார் முந்தி வந்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. விண்டோஸ் பதிவேடு ஒருவர் விலகிப் போனபின் அவருடைய கடைசி எண்ணை மற்றொருவருக்குத் தருவதில்லை என்பதும் இதற்குத் துணை. ஆனால் நிறுவனத்தில் இரண்டு விண்டோஸ் பதிவேடுகள் இருந்தால் இரண்டிலும் ஒரு 1106 இருப்பார். அப்போது பதிவேட்டுக்கு ஒரு தொடக்க எண் என்று தனித்தனியே ஒதுக்க வேண்டும். அங்கே இருந்தது ஒரே பதிவேடு. ஆதலால் மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வழியைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம். பழைய கோப்புகளைத் திருத்தப் பத்து நாள். பாலும் மோரும் இடம் மாற வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு பாத்திரம் வேண்டும் அல்லவா? எண்களை மாற்றும்போதும் அப்படித்தான். புதிய எண்களும் பழைய எண்களும் ஒரே எல்லைக்குள் இருந்தால், ஒருவருடைய கோப்புகளை மாற்றி முடிப்பதற்குள் அவை மற்றொருவருடையவற்றோடு கலந்துவிடும். பின்னர் பிரிக்கவே இயலாது. புதிய எல்லையை 100000-க்கு மேல் வைத்ததால் அந்தத் தொல்லை இல்லாமல் போயிற்று. வின்பைண்ட் தான் ஒருமுறை கண்ட விடையை வழக்கமாக ஒரு வாரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவையும் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. உழைப்பை வாங்கியது இவை எதுவும் அன்று. 10006 என்று எழுதப்பட்ட ஒரு கோப்பைக் கையில் எடுத்தால், அந்த எண் எந்தச் சர்வர் கொடுத்தது என்று வட்டில் எந்தக் குறிப்பும் இல்லை. தலைப்பெழுத்து இல்லாத எண் என்று மேலே சொன்னேனே, அதன் பொருள் எனக்கு அந்தப் பத்து நாள்களில்தான் முழுமையாக விளங்கிற்று.

இரண்டாம் சர்வர் வருவதற்கு முன் எழுதப்பட்டவை ஐயத்திற்கு இடமின்றி முதல் சர்வருடையவை. அதற்குப் பின் வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கோப்பு திருத்தப்பட்ட நேரத்தையும் இரு சர்வர்களின் நாட்குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பிரித்தோம். நாட்குறிப்புகளிலும் பழையவை அழிந்திருந்தன. முடிவில் யாருடையவை என்று எவ்வகையிலும் தீர்மானிக்க முடியாமல் 37 கோப்புகள் எஞ்சின. அவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்து, நிருவாகியின் பெயருக்கு மாற்றி, உரியவர்கள் நேரில் வந்து அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

முதல் ஆளாக வந்தவர் அக்காதான். நான்கு கோப்புகளில் இன்னின்ன தலைப்பு, இன்னின்ன தொகை இருக்கும் என்று திறக்கும் முன்பே சொல்லி, நான்கையும் பெற்றுச் சென்றார். பண்டகப் பிரிவு ஊழியரும் வந்தார், பிறரும் வந்தார்கள். பயிற்சி முடிந்து நான் ஊர் திரும்பிய நாளில் ஒன்பது கோப்புகள் மிச்சமிருந்தன. அவற்றுள் ஒன்று, யாரோ தம் பெண்ணுக்கு வரன் தேடுவதற்காக அலுவலக நேரத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்த சாதகக் குறிப்பு. அதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.